கறுப்புக் கோழியின் ஐந்து நாள்

நடந்தது இது:

1. முதல் நாள், குர்லா சந்தையில் மூன்று கோழிகள் வாங்கி, என் அறை வாசலில் தனிக் கூண்டில் வைத்தேன்.
2. பதினான்காம் நாள், அவற்றில் ஒன்றைப் பூனை கொண்டுபோயிற்று.
3. பதினாறாம் நாள், அதற்குப் பதிலாக ஒரு கறுப்புக் கோழி வாங்கி அதே கூண்டில் விட்டேன்.
4. இருபத்தோராம் நாள், மூன்றையும் பக்கத்து அறை அக்காவின் கூட்டில் சேர்த்தோம்.
5. இருபத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் நாத்தனார் அம்பர்நாத்திலிருந்து வந்தவர் அந்தக் கூட்டுக்குள் கைவிட்டு முட்டை எடுத்தார்.
6. மறுநாள் காலை கறுப்புக் கோழி வெள்ளையாகக் கழிந்தது. மாலையில் செத்தது.
7. அடுத்த பத்து நாளில் என் மற்ற இரண்டு கோழிகளும், அக்காவின் ஒன்பதில் ஏழும் செத்தன.

என் தவறு மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் இடையில் இருக்கிறது.

நான் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே முயல்கள் வளர்க்கிறோம். புதிதாக வரும் முயல்களை இருபத்தொரு நாள் தனியே வைத்துப் பார்த்த பிறகே பழையவற்றோடு சேர்ப்போம். நடுவில் இன்னொரு முயல் அந்தக் கூண்டுக்குள் வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த விதியை அங்கே கரும்பலகையில் எழுதி வைத்தவள் நான்தான்.

தாராவியில் எங்கள் அறைகளுக்குப் பின்னால் ஒருவர் படுக்குமளவு இடம் உண்டு. அக்காவின் கூடு அங்கே இருந்தது. "ஒங் கோழியையும் இதுலயே விடேன்" என்று அழைத்தவர் அக்காதான். நான் மூன்று வாரம் தவணை கேட்டேன். தனித் தண்ணீர்ச் சட்டி, தனித் துடைப்பம். ரேஷனில் வாங்கிய மைலோச் சோளத்தை முதலில் அக்காவின் பழைய கோழிகளுக்குப் போட்டுவிட்டு, அப்புறம்தான் புதியவற்றிடம் போவேன். கையை சோப்புப் போட்டுக் கழுவுவேன். கதவில் நாளுக்கொரு சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

"ஏட்டி, கோழிய ஜெயில்ல போட்டுருக்கியே, அது என்னத்தக் களவாண்டுச்சு?" என்று அக்கா கேலி செய்வார். ஆனால் காலையில் தண்ணீர் பிடித்து வரும்போது கோடுகளை விரலால் தொட்டு எண்ணிவிட்டுத்தான் போவார். அவருக்கு எழுத்துத் தெரியாது. எண்ணத் தெரியும்.

கறுப்புக் கோழி வந்த அன்று கோடுகளை அழிக்க ஈரத்துணியை எடுத்தேன். அப்போது அக்கா, "இன்னும் அஞ்சு கோடுதான, இல்லட்டி?" என்றார். எங்கள் அறை வரிசை முழுவதற்கும் நான் அந்த நாளைச் சொல்லியிருந்தேன். சொன்ன நாளை மாற்றுவது எனக்குப் பிடிக்காது. கோழியின் கொண்டை சிவப்பாக இருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கோடுகளை விட்டுவிட்டு, துணியால் கதவின் அடிப்பக்கத்தைத் துடைத்தேன்.

இருபத்தோராம் நாள் மாலை, பழைய கோழிகள் அடைந்த பிறகு, அக்கா புதியவற்றின் காலைக் கழுவி, ஒவ்வொன்றையும் அடுப்பை மூன்று சுற்று சுற்றிக் கூட்டுக்குள் விட்டார். "இனி எங்கயும் ஓடாது" என்றார். விடிந்தபோது ஒன்றிரண்டு கொத்துகளோடு சண்டை முடிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் வந்த நாத்தனார் முட்டை எடுத்தபடியே, "எங்க பக்கம் கோழியெல்லாம் தூங்கித் தூங்கி விழுது மைனி" என்று சொன்னார். கோழிகள் செத்ததும் பழி அவர்மேல் விழ அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடி வந்தபோது அக்கா வாசலிலேயே நிறுத்தினார்.

"நீ கொண்டாந்த சீக்குதான். ஏழு கோழி. இனி என் நடைல ஏறாத."

"நான் என்ன கைல வெசமா வச்சிருந்தேன்?"

"இவ இருபத்தோரு நாளு கோடு போட்டுப் பாத்த கோழி. அதுல இருந்து வராது. ஒன்கிட்ட இருந்துதான் வந்துச்சு."

நாத்தனார் என்னிடம் திரும்பினார். "ஏ பிள்ள, நீ ஆஸ்பத்திரில இருக்கவதான, நீ சொல்லு. நான் ஞாயித்துக்கெழம தொட்டது திங்கக்கெழம சாவுமா?"

கேட்க வேண்டிய கேள்வியை அவர் சரியாகக் கேட்டுவிட்டார். சாகாது. அந்த நோய் ஒரே நாளில் தெரியாது. உள்ளே வந்து சில நாள் ஆன பிறகே வெளியே காட்டும். கறுப்புக் கோழி என் கூண்டுக்கு வந்தபோதே அதைச் சுமந்திருந்தது. இது எனக்குத் தெரியும்.

"எப்படி வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் என்று காட்ட ஒரு சொல் கிடையாது. பரிசோதனைக் கூடத்தில் தினமும் அப்படித்தான் எழுதுகிறோம்.

"பாத்தியா, அவளே சொல்லுதா" என்றார் அக்கா. நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போனார். பம்பாயில் அக்காவின் வீட்டுக்கென்று வந்துபோகிற சொந்தம் அவர் ஒருவர்தான்.

மூன்று மாதம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப அது அஞ்சு நாளுக் கோழியா?"

"ஆமாக்கா."

"அவ கேட்டப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

அக்கா ஒரு கட்டுக் கீரையை முழுக்க ஆய்ந்து முடித்தார். "கோழி போச்சுன்னா போவட்டும். அவள எதுக்குட்டி போகவிட்ட?"

கணக்கைத் தப்பவிட்டவள் நான் என்று தெரிந்துவிடுமே என்றுதான். அதை வாய்விட்டுச் சொல்ல அப்போதும் முடியவில்லை.

அக்காவின் கடிதங்களை எப்போதும் நான்தான் எழுதுவேன். நாத்தனாரை மறுபடி வரச்சொல்லி அம்பர்நாத்துக்குப் போட்ட கடிதத்தை மட்டும் சந்துமுனை வாத்தியாரிடம் சொல்லி எழுதவைத்தார். அது போய்ப் பத்து நாளாகிறது. பதில் இல்லை. குழாயடியில் என் குடத்தை நகர்த்தி வைக்கச் சொல்லும் அளவுக்குத்தான் அக்கா இப்போது என்னோடு பேசுகிறார்.