தயிர்ச் சட்டியோடு நீதிமன்றத்துக்கு

பல்லேகமவில் காலை ஐந்து மணி பஸ்ஸுக்கு நானும் நஸீர் நானாவும் நின்றோம். என் உரக்கடைக்குப் பக்கத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவர் நானா. அனுமதியில்லாமல் ஆற்றுமணல் ஏற்றியதாக அவருடைய மகன் ரிஸ்வானைப் பிடித்து விளக்கமறியல் சிறையில் வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து இரண்டு பிணையாளிகள் வந்து நின்றால் விடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று போன தவணையில் மாத்தளை நீதவான் சொல்லியிருந்தார். அந்த இரண்டு பேர் நாங்கள்தான். பெயர் கூப்பிடும்போது நாங்கள் நிற்காவிட்டால் பையன் இன்னும் இரண்டு வாரம் உள்ளே.

நானாவின் கையில் இரண்டு தயிர்ச் சட்டிகள்.

"இது எதுக்கு நானா?"

"லோயரப் பாக்க வெறுங்கையோட எப்படிப் போற?"

எருமைத் தயிர் இல்லாமல் எங்கள் பக்கத்து ஆள் மாத்தளையில் யார் வீட்டுப் படியும் ஏறமாட்டான். பேசிப் பயனில்லை.

மாத்தளைக்கு அறுபது கிலோமீற்றர் அளவில்தான் இருக்கும். ஆனால் நடுவில் ரிவஸ்டன் மலை இருக்கிறதே! மூடுபனிக்குள் பஸ் முக்கி முனகி ஏறியது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, வளைவில் ஒரு லொறி குறுக்கே நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கிக் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

"இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"லொறிகிட்ட கேளுங்க அண்ணே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊருக்குக் கண் கிளினிக் வருகிறது. பேங்க் வேன் வருகிறது. அடையாள அட்டைக்கு நடமாடும் சேவை வருகிறது. வோட்டுக் கேட்க வராத ஆளே இல்லை. மாதத்தில் ஒரு நாள் ஒரு நீதவான் வந்து எங்கள் பொது மண்டபத்தில் உட்கார்ந்தால் என்ன குடிமுழுகிப் போகும்? மணல் எங்கள் ஆற்றில், பொலிஸ் எங்கள் ஊரில், நியாயம் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம். வஹகோட்டை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். பக்கத்தில் நானா வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தார்.

லொறி நகர்ந்து, ரத்தோட்டைக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது மணி தாண்டிவிட்டது. ஒன்பதரைக்கு நீதிமன்றம் கூடிவிடும். இந்த பஸ்ஸை நம்பினால் கதை கந்தல் என்று இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தேன்.

"பறந்துருவோம், ஏறுங்க" என்றான் ஓட்டுநர்.

நானா சட்டிகளை மடியில் அணைத்துக்கொண்டார். முதல் குழியிலேயே, "மெதுவா மகன், மெதுவா! சட்டி ஒடஞ்சிரும்" என்றார். அவனும் மரியாதைக்காரன், வேகத்தைக் குறைத்துவிட்டான். பின்னால் வந்த தண்ணீர் பவுசர் லொறிகூட எங்களை முந்திப் போனது.

"நானா, தயிரா பிள்ளையா?"

"லோயர் மனசு வெச்சாத்தானே தம்பி பிள்ளை வரும்?"

நீதிமன்ற வராந்தாவில் எங்கள் சட்டத்தரணி எதிரே வந்தார்.

"இப்பதாங்க கூப்பிட்டு முடிஞ்சுது. ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. ஆள் இல்லாம நான் என்னத்தப் பேசுறது? ரெண்டு வாரம் தள்ளிட்டாங்க."

நானா சட்டிகளை நீட்டினார்.

"எனக்குச் சளி நானா. அடுத்த தவணைக்காவது கொஞ்சம் நேரத்தோட வாங்க."

நேரத்தோடயாம்! "ஐயா, அஞ்சு மணிக்கு முந்தி எங்க ஊர்ல பஸ்ஸே இல்லைங்க" என்று கத்தினேன். அவர் அடுத்த வழக்குக்குப் போய்விட்டார்.

பின்பக்கம் சிறைச்சாலை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கம்பிவலைக்குள்ளிருந்து ரிஸ்வான் எட்டிப் பார்த்தான்.

"வாப்பா, சாப்பிட்டீங்களா?"

நானா தலையாட்டினார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். ஒரு சட்டியைத் தூக்கிக் காட்டினார். காவலர் கூடாது என்று கையை அசைத்தார். பஸ் போய்விட்டது.

வாசலில் அதே ஆட்டோ திரும்பும் சவாரிக்காக நின்றிருந்தது. ஏறினோம். நானா சட்டிகளை மடியில் வைக்கவில்லை, காலடியில் வைத்தார்.

"மெதுவாவே போகட்டுங்களா நானா?" என்று ஓட்டுநர் பணிவாகக் கேட்டான்.

"இனி எப்படி வேணும்னாலும் ஓட்டுங்க மகன்" என்றார் நானா.