கிள்ளான்காரி

சீதாலெட்சுமிக்குக் கல்யாணமான அன்றைக்கே சண்டை தொடங்கிவிட்டது. கிள்ளான் பண்டமாரானிலிருந்து பெண் வீட்டார் ஏறி வந்த வேன், பெடரல் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை வாசுவின் அக்கா லெட்சுமி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றபடியே, "கிள்ளான்காரங்களுக்கு மணி பார்க்கத் தெரியாதோ?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாசுவும் சிரித்தான். மற்றவர்கள் சிரித்ததைச் சீதாலெட்சுமி அந்த வாரமே மறந்தாள். வாசு சிரித்ததை மறக்கவில்லை.

அவளுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. கப்பலில் வந்திறங்கும் கண்டெய்னர்களுக்குச் சுங்கத்துறை பாரங்களை எழுதி நிரப்பிக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம். ஒரு எண் மாறினாலும் சரக்கு கேட்டைத் தாண்டாது. அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொன்னார்கள். விடவில்லை. அதனால் இருபத்தாறு வருஷம், விடிவதற்கு முன்னால் பிளாட்டை விட்டு இறங்கி, கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறி, ஒன்றேகால் மணி நேரம் போனாள். சாயங்காலம் அதே தூரம் திரும்பி வந்தாள். வாசுவுக்கு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை, வீட்டிலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுப் போவான். அப்படிப்பட்டவன்தான் அவள் தாமதமாக வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

"கிள்ளான்ல என்னா இருக்கு? லோரி, தூசி, கேங் சண்டை. மழை பேஞ்சா படகு வேணும்," என்பான்.

"இங்க என்னா இருக்கு? டூரிஸ்ட் நின்னு போட்டோ எடுக்க ஒரு வளைவு. காரை வைக்க இடமில்ல. கீழ சாக்கடை, மேல கரப்பான். கே.எல்.ன்னு பேரு மட்டும்தான்," என்பாள் அவள்.

வெளியாருக்கு இது புருஷன் பெண்டாட்டி கேலி மாதிரி தெரியும். அப்படி இல்லை என்பது 2011-க்குப் பிறகு அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அந்த வருஷம் அவள் அப்பா ரெங்கசாமி கிள்ளானில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் விஜயன் போன் செய்து, உடனே கிளம்பி வரச் சொன்னார். வாசு சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. "இந்த ஜாம்ல கிள்ளானுக்கு யாரு போறது? காலையில போலாம்லா." ஒரு மணி நேரம் கெஞ்சினாள். பிறகு தனியாகப் போய் ரயில் ஏறினாள். ஷா ஆலம் தாண்டும்போது விஜயன் மறுபடியும் கூப்பிட்டார். அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் வாசுவை மன்னிக்கவில்லை. அவனோ அதற்குப் பிறகும், கிள்ளான் பேச்சை எடுத்தாலே படகு ஜோக்கைத்தான் சொன்னான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பிளாட்டின் சொந்தக்காரர் வீட்டை விற்றுவிட்டார். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். சரியாக அதே சமயம் பண்டமாரானில் அப்பா வீட்டில் வாடகைக்கு இருந்தவர்களும் கிளம்பினார்கள். "நான் மேருவில இருக்கற என் வீட்ட விட்டு வரப்போறதில்ல சீதா. நீ வந்து இருந்துக்க," என்றார் விஜயன்.

சீதாலெட்சுமிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. வாசுவுக்கும் யோசிக்க ஒன்றுமில்லை. ரெண்டு வாரம் ஒரே வீட்டில் ரெண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். கடைசியில் மகள் தாமரையை உட்கார வைத்து, நீயே தீர்ப்புச் சொல் என்றார்கள். தாமரை காஜாங்கில் பல் கிளினிக்கில் நர்சாக இருந்தாள்.

"நான் சொன்னா உங்க ரெண்டு பேருக்குமே பிடிக்காது. நானும் விமலனும் காஜாங் பக்கத்துல செமினியில வீடு பார்த்துட்டோம். கல்யாணத்துக்கு அப்புறம் அங்கதான் இருக்கப் போறோம். நீங்களும் அங்க வந்துடுங்களேன்."

"செமினியா? அதெல்லாம் ஒரு ஊரா?" என்றான் வாசு.

"காட்டுக்குள்ள போய் யாரு இருக்கறது?" என்றாள் சீதாலெட்சுமி.

அவர்கள் ஒத்துப்போய்ப் பேசி எத்தனையோ வருஷமாகியிருந்தது. தாமரை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி தன் வீட்டில் சாப்பாடு வைத்தாள். அதே கட்டடத்தின் கீழ்மாடி. மீன் குழம்பு வைத்திருந்தாள், கூடவே பேச்சையும் தயாராக வைத்திருந்தாள்.

"சீதா, நான் நேராவே கேக்கறேன். ஆம்பள பொறந்து வளர்ந்த ஊரு பெருசா, பொம்பள வேலைக்குப் போற ஊரு பெருசா?"

"நானும் பொறந்துதான் வந்தேன் அக்கா. கண்டெய்னர்ல வந்து இறங்கல."

"வாயப் பாரு. இதத்தான் சொல்றேன். கிள்ளான்காரங்க பேச்சே லோரி ஹோர்ன் மாதிரிதான் இருக்கும். இங்க கோயில் இருக்கு, கடை இருக்கு, நாலு பெரிய மனுசங்க நம்மளத் தெரிஞ்சு வச்சிருக்காங்க. அங்க போனா உன்ன யாருக்குத் தெரியும்?"

"இங்க மட்டும் யாருக்குத் தெரியும்? இருபத்தாறு வருஷமா நீங்க என்னப் பேரு சொல்லியா மத்தவங்களுக்குக் காட்டினீங்க? 'வாசு வீட்டு கிள்ளான்காரி'ன்னுதான சொன்னீங்க?"

வாசு தலையை நிமிர்த்தாமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். சீதாலெட்சுமி கை கழுவிவிட்டு மேலே போனாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்று நாள் கழித்து, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு பழுப்பு உறை இருந்ததைப் பார்த்தாள். வாடகை ஒப்பந்தம். ரெண்டு தெரு தள்ளி ஒரு பிளாட், ரெண்டு வருஷத்துக்கு. மூன்றாவது பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்று ரெண்டு பெயர். வாசுவின் பெயருக்குப் பக்கத்தில் அவன் கையெழுத்து. அவள் பெயருக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்து. அவள் போடாத கையெழுத்து. தாமரையின் பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டைகளில் எத்தனையோ முறை பார்த்துப் பழகியவன் போட்டது, கடைசிச் சுழியை மட்டும் விட்டுவிட்டிருந்தான்.

அவள் நின்றபடியே அதை மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு ஹாலுக்குப் போய் டிவிக்கு முன்னால் நின்றாள்.

"என் கையெழுத்த யாரு போட்டது?"

"நான்தான். எப்படியும் வரத்தானே போற. உன்ன எதுக்கு அலைய வைக்கணும்னு போட்டேன். மறைக்காத, நகரு."

"சுங்கத்துல ஒரு பாரத்துல இப்படிப் போட்டா என்னா நடக்கும் தெரியுமா உங்களுக்கு? வக்கீல் ஆபீஸ்லதான வேலை பாக்கறீங்க?"

"இது சுங்கம் இல்ல. குடும்பம்."

அந்தப் பதிலுக்குப் பிறகு அவள் அவனோடு வாதாடவில்லை. காலையில் ரயிலில் உட்கார்ந்தபடியே வீட்டு ஏஜெண்டுக்குப் போன் செய்தாள். அந்தக் கையெழுத்து தன்னுடையது இல்லை, தன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் நிதானமாகச் சொன்னாள். ஏஜெண்ட் பதறிப்போய் வாசுவைக் கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் லெட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. "கட்டின புருஷனையே போலீஸ் வரைக்கும் இழுக்கப் பாத்தவ," என்று அவள் படிக்கட்டில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னாள். போலீஸ் பேச்சை யாருமே எடுத்திருக்கவில்லை.

சனிக்கிழமை விஜயன் லோரி கொண்டுவந்தார். வாசு ஒரு பெட்டியைக்கூடத் தூக்கவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆறு மாசத்துல திரும்பி வருவ. அப்ப கதவு திறந்திருக்கும்னு நெனைக்காத."

"தட்டினாத்தான திறக்கணும்?" என்றுவிட்டுச் சாவியைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு இறங்கினாள்.

பண்டமாரானில் யாரும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டிருந்தார்கள். காலை ஐந்து மணிக்கே துறைமுகத்துக்குப் போகும் லோரிகளின் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். ரெண்டாம் வாரமே பக்கத்து வீட்டு ஜுபைதாவோடு தகராறு. அவர்கள் வீட்டு வேன் இவள் கேட்டை மறைத்து நின்றது. எடுக்கச் சொன்னதற்கு ஜுபைதா, "கே.எல்.லேர்ந்து வந்தவங்களுக்கு எல்லாமே குத்தமாத்தான் தெரியும்," என்றாள். சீதாலெட்சுமிக்கு ஒரு கணம் யாரைச் சொல்கிறாள் என்றே புரியவில்லை. புரிந்ததும் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

நவம்பரில் தண்ணீர் வந்தது. காலையில் பெய்த மழைக்கும் கடல் ஏற்றத்துக்கும் சேர்ந்து கால்வாய் நிரம்பி, ஹாலுக்குள் கணுக்கால் அளவு ஏறியது. குளிர்சாதனப் பெட்டியைச் செங்கல் மேல் ஏற்ற ஜுபைதாவின் புருஷன் அப்துல் ஜலீல் வந்து ஒரு பக்கம் பிடித்தார். வேனை மட்டும் எடுக்கவில்லை. அவர் போன பிறகு வாசு போனில் வந்தான்.

"செய்தியில பாத்தேன். படகு வாங்கிட்டியா?"

தண்ணீருக்குள் நின்றபடியே, "இங்க ஒண்ணும் இல்ல. ரோடு காஞ்சு கிடக்கு," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிரிக்பீல்ட்ஸில் மூன்றாவது மாடிக்கு ஒரு நாளும் தண்ணீர் வந்ததில்லை என்பதை அவளே நினைத்துப் பார்த்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷம். ஐந்தரைக்கு வீட்டில் இருந்தாள். வெயில் சமையலறைச் சுவரில் விழுவதை வேலை நாளில் பார்ப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. முதல் சில வாரம் அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

தாமரையின் கல்யாணப் பத்திரிகைக்காக வாசு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கார் பழுதென்று ரயிலில் வந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

"ஒன்னேகால் மணி நேரம். முக்கால்வாசி தூரம் நின்னுக்கிட்டே வந்தேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பார்வையைச் சுவருக்கு மாற்றினான். அங்கே தண்ணீர் நின்ற கோடு பழுப்பாக ஓடியிருந்தது.

"தண்ணி வந்திருக்கு."

"வந்துச்சு."

"போன்ல இல்லன்ன."

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

தேநீர் கொடுத்தாள். பாதி குடித்தான். பத்திரிகையில் எந்த முகவரியைப் போடுவது என்று பேச்சு வந்தது. ரெண்டு பேரும் விடவில்லை. கடைசியில் முகவரியே வேண்டாம், கோயில் பெயர் மட்டும் போதும் என்றானது. கிளம்பும்போது வாசலில் நின்று, "சரி, வந்துடு. நடந்தத நான் ஒண்ணும் பெருசா எடுத்துக்கல," என்றான்.

"நீங்க என்ன மன்னிக்கிறீங்களா?"

"பின்ன?"

"செருப்பப் போடுங்க. அடுத்த ரயில் ரெண்டே காலுக்கு."

"கிள்ளான்காரி," என்று முனகிக்கொண்டே போனான். அவள் கேட்டைப் பூட்டினாள்.

கல்யாணம் காஜாங்கில் ஒரு கோயிலில் நடந்தது. தாமரையின் ரெண்டு பக்கமும் ரெண்டு பேரும் நின்றார்கள், போட்டோக்களில் சிரிக்கவும் செய்தார்கள். லெட்சுமி சீதாலெட்சுமியைத் தாண்டிப் போய் வேறு யாருக்கோ சந்தனம் கொடுத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் சீதாலெட்சுமி அரை நாள் லீவு போட்டு, அடையாள அட்டையில் முகவரியை மாற்றக் கிள்ளானில் பதிவு இலாகாவுக்குப் போனாள். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பழைய முகவரியைத் திரையில் பார்த்துவிட்டு, கணவரும் இடம் மாறிவிட்டாரா, அவருக்கும் பாரம் வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டாள்.

"வேண்டாம். அவர் அங்கேயேதான் இருக்கிறார்," என்று மலாயில் சொன்னாள் சீதாலெட்சுமி. சாயங்காலத்துக்குள் ரெண்டு கண்டெய்னருக்குப் பாரம் அனுப்ப வேண்டியிருந்தது. புது அட்டை எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.