பதினாலு என்றால் எத்தனை

சிறை அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் தேதியம்மாதான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. உள்ளே வரும் ஒவ்வொருவரும் என்றைக்கு வெளியே போகலாம் என்று நாள் கணக்குப் போட்டு, அந்தத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இருபத்தோரு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல், சத்தம் மட்டும் தாராளமாகத் தரும் அதே மின்விசிறி. லீப் வருடத்தில் ஒரு நாள் கூடுமே, அதில் கோட்டை விட்ட குமாஸ்தாக்கள் பலர் உண்டு. தேதியம்மா விட்டதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான். "யார் யார் எப்ப வெளிய வருவாங்கன்னு இவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டுப் பால் எப்பக் கெடும்னு மட்டும் தெரியாது" என்று கணவர் வாரினாலும் அசர மாட்டார்.

ஒரு புதன்கிழமை காலை, ஒல்லியான மனிதர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, லாரிக்காரரைப் பார்க்க வேண்டும் என்றார். அடையாள அட்டை கேட்டதற்கு, "அதெல்லாம் இனிமேதான் எடுக்கணும்மா. இப்போதைக்கு இதுதான் இருக்கு" என்று மடித்த தாள் ஒன்றை நீட்டினார். பக்கத்து நாட்டுச் சிறையின் விடுதலைத் தாள்.

லாரிக்காரரைத் தேதியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன் எல்லை தாண்டியதும், மர லோடுக்கு அடியில் கடத்தல் சிகரெட்டோடு பிடிபட்டவர். அங்கே பதினாலு வருடம் போட்டுவிட்டார்கள். அதே குற்றத்துக்கு இங்கே அதிகம் போனால் ஐந்து. மூன்று வருடம் அங்கே கழித்துவிட்டு, கைதிகளைச் சொந்த நாட்டுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் இங்கே வந்தார். தண்டனையும் கூடவே வந்தது. வேறு நாடு விதித்ததை இங்கே குறைக்கக் கூடாது என்கிறது ஒப்பந்தத்தின் நாலாவது விதி. கல்நெஞ்சக்காரர்கள் என்று அந்த நாட்டைத் திட்டிக்கொண்டே தேதியம்மா பதினாலுக்கும் சீட்டு எழுதினார். வாங்கிப் பார்த்த லாரிக்காரர், "என் பொண்ணுக்கு அப்பப் பத்தொன்பது ஆயிடும்" என்று மட்டும் சொன்னார்.

வந்து நின்றவர் அதே லாரியின் மாற்று ஓட்டுநர். அதே வழக்கு, அதே நீதிபதி, அதே பதினாலு. இவர் மட்டும் அங்கேயே இருந்துவிட்டார். விடுதலையாகிப் பத்து நாள் ஆகிறது.

தேதியம்மா தாளை இரண்டு முறை படித்தார். "உங்களுக்கு ஏதாவது மன்னிப்புக் குடுத்தாங்களா?"

"மன்னிப்பா? நல்லாக் கேட்டீங்க. அங்க ஒரு நாள் வேலை செஞ்சா ரெண்டு நாளாக் கணக்கும்மா. நாங்க ரெண்டு பேரும் தச்சுப் பட்டறையில ஒண்ணாத்தான் வேலை பார்த்தோம். இவனும் வந்திருப்பான்னு நேரா இவன் வீட்டுக்குப் போனேன். பொண்ணு கதவைத் திறந்து, அப்பா வர இன்னும் ஏழு வருஷம் இருக்குன்னு சொல்லுது."

இங்கே வந்த புதிதில் லாரிக்காரரும் இரட்டை நாள் என்று ஏதோ சொல்லத்தான் செய்தார். எந்தக் கைதிதான் ஏதாவது சொல்லவில்லை என்று தேதியம்மாதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். கைதி வேலை பார்த்த நாள்களைக் குறித்த தாள் எங்கிருந்து வந்தாலும், பிரித்துப் பார்க்காமல் கூலிப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். இங்கே வேலைக்குக் கூலி உண்டு. தண்டனை நாள் குறையாது. தேதியம்மா கூலிப் பிரிவு அலமாரியை ஒரு மணி நேரம் குடைந்தார். லாரிக்காரர் அங்கே இருந்த மூன்று வருடத்துத் தாள்களும், வந்தபோது கட்டிய நூல்கூட அவிழ்க்காமல் கிடந்தன.

அந்த நாட்டுச் சிறைக்குத் தொலைபேசியில் பேசினார். இவர் பார்க்கும் அதே வேலையை அங்கே பார்ப்பவர்தான் எடுத்தார்.

"பதினாலுன்னா நீங்க பதினாலையுமா உக்கார வெச்சிருக்கீங்க?" என்றார் அவர். "எங்க நீதிபதி பதினாலு எழுதும்போதே, ஒழுங்கா வேலை செஞ்சா ஏழுல போயிடுவான்னு மனசுல வெச்சுத்தான் எழுதுவார். உங்க ஊர்ல எப்படி?"

"எங்க நீதிபதி அஞ்சுன்னு எழுதினா அஞ்சுதான்."

"அப்பப் பெருசா ஒண்ணும் வித்தியாசம் இல்லையே."

இத்தனை நாள் யாரைக் கல்நெஞ்சம் என்று திட்டினோம் என்று நினைத்துத் தேதியம்மா வெட்கப்பட்டார். அவர்கள் எண்ணைப் பெரிதாகப் போட்டு, இறங்க ஏணியும் வைத்திருந்தார்கள். எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு ஏணியை அலமாரியில் பூட்டியவர் இவர். நாலாவது விதியோடு மூடிவைத்த ஒப்பந்தத்தை இப்போது முழுக்கப் படித்தார். மாற்றி வந்தவர், அங்கேயே இருந்திருந்தால் இருக்க வேண்டியதைவிட ஒரு நாள்கூட அதிகம் இருக்கக் கூடாது என்றது பதினேழாவது விதி. லாரிக்காரர் இங்கேயும் நாலு வருடமாகச் சலவைக்கூடத்தில் உழைத்துக்கொண்டிருந்தார். மாற்றி வந்தபோது வேலையில்லாமல் போன வாரங்களைக் கழித்தும் விடுதலைக்கு வெறும் பதினோரு நாளே மிச்சம் என்று கணக்கு வந்து நின்றது.

கண்காணிப்பாளர் நெற்றியைத் தேய்த்தார். "நாலு வருஷமாத் தப்புப் பண்ணினோம்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா?"

"நாம இல்ல சார், நான். சீட்டுல என் கையெழுத்துத்தான் இருக்கு."

எழுதினார். வேலைக்கே உலை வைக்கும் என்று தெரிந்தும் எழுதினார். ஆறாம் நாள் நீதிமன்ற உத்தரவு வந்தது. தேதியம்மாவை எச்சரித்து ஒரு கடிதமும் கூடவே வந்தது; அதை அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று மேசையிலேயே போட்டுவிட்டார். குமாஸ்தாக்கள் சலவைக்கூடம் வரை போவதில்லை. அன்றைக்குப் போனார்.

"அஞ்சு நாள்தான் இருக்கு உங்களுக்கு" என்றார். "நீங்க அப்பவே சொன்னீங்க. நான்தான் கேக்கல. தப்பு என்னோடது."

லாரிக்காரர் கையிலிருந்த ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் ஒரு சொட்டு மிச்சமில்லை. "என் வயித்துல பாலை வார்த்துட்டு, தப்புங்கறீங்களேம்மா" என்றார் கடைசியில். பிறகு அழுதுவிட்டார்.

அலுவலகத்துக்கு அழைத்துவந்து, தேதியம்மாவே எண்ணைச் சுழற்றிக் கொடுத்தார். மகள்தான் எடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை அப்பா வர்றேன்மா. பார்த்துட்டுப் போக இல்ல, வீட்டோடவே இருக்க வர்றேன்."

"எனக்கு இன்னும் பன்னெண்டுதானேப்பா ஆகுது?" என்றாள் அவள்.

லாரிக்காரர் ரிசீவரை நீட்டிவிட்டார். தேதியம்மா வாங்கிப் பேசினார். "ஆமாடா கண்ணு. பன்னெண்டேதான்."