சேத்து இழுத்த ஒரு இழுப்பு

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாப்போட பள்ளிக்கூடத்தை விட்டவ. எழுதிக்கிட்டே வரும்போது ஒண்ணு மறந்துபோகும், வேற எதையோ எழுதுறப்ப அது வந்து நிக்கும். போன வாரம் இந்தப் பக்கத்துல கம்பங்கூழைப் பத்தி எழுதினேனே, அதுல உப்புப் போடவே மறந்துட்டீகன்னு நரிக்குடியில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. வாஸ்தவந்தான்... மன்னிச்சுக்கங்க. இந்த வாரமும் எதையாவது விட்டிருப்பேன்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு காலையில, ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியல. முந்தானையைச் சுத்தித் திருகினேன்... அசையல. வெந்நியில காட்டிப் பாத்தேன்... ம்ஹூம். கடைசியில என் மருமக செல்வியைத்தான் கூப்பிட்டேன். மூடினவ அவதானே?

எங்க வீட்டுல செல்வி மூடினதைச் செல்விதான் திறக்கணும். தண்ணிக் குழாயும் அப்படித்தான், கேஸ் அடுப்புத் திருகும் அப்படித்தான்.

புதுசாப் படிக்கிறவுகளுக்குச் சொல்லிடுறேன் – செல்வி பைக் மெக்கானிக்கு. காரியாபட்டியில அவ அப்பாவோட பட்டறையில ஸ்பேனர் பிடிச்சு வளந்தவ. கட்டிக்கிட்டு வந்ததும், அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி போற ரோட்டுல இருக்குற எங்க வீட்டு முன்னாடி, தகரத்தைப் போட்டு ஒரு பட்டறை வச்சுட்டா. என் மகனுக்கு லாரி ஓட்டுற வேலை. பட்டறையில அவ ஒருத்திதான்.

இப்ப அவளுக்கு ஒரு ஆசை. டவுனுல பெரிய சர்வீஸ் சென்டர்ல ஆள் எடுக்குறாக. "புது வண்டியெல்லாம் கம்ப்யூட்டரு வச்சு வருது அத்தே. இங்கயே இருந்தா இன்னும் பத்து வருசத்துல பஞ்சர் மட்டுந்தான் ஒட்டிக்கிட்டு இருப்பேன்"ன்னு போய்க் கேட்டுட்டு வந்தா. அங்க இருக்குற மேனேஜர் ஒரு வண்டியைக் குடுத்துப் பாத்துருக்காரு. வேலை பிடிச்சுப்போச்சு. ஆனா, "டெக்னீசியன் சர்டிபிகேட் இல்லாம சேக்க முடியாதும்மா. மாசக் கடைசி வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன். அதுக்கு மேல வேற ஆளைப் போட்டுருவேன்"ன்னுட்டாரு.

அந்தச் சர்டிபிகேட்டுக்குப் பரீட்சை ரெண்டு. ஒண்ணு எழுத்து, ஒண்ணு செய்முறை. எழுத்துக்கு ஒரு கேள்வி பதில் புத்தகம். அவ வண்டியைப் பிரிச்சுக்கிட்டே இருப்பா, நான் பக்கத்துல ஸ்டூலைப் போட்டுக் கேள்வியை வாசிப்பேன். ஒரு கேள்விக்கு நாலு பதில். ஒண்ணு நிசம், மூணு பொய். படிச்சவுக மெனக்கெட்டு மூணு பொய்யை யோசிச்சு எழுதியிருக்காகளேன்னு எனக்கு ஆச்சரியம்!

"கார்... கார்பு... இது என்ன ஆத்தா?"

"கார்புரேட்டர் அத்தே. நீங்க அதைத் தாண்டிப் போங்க, எனக்குத் தெரியும்."

தாண்டித் தாண்டியே முழுப் புத்தகத்தையும் முடிச்சோம். எழுத்துல பாஸாயிட்டா.

செய்முறையிலதான் விழுந்துட்டா. செல்வி... ஸ்பேனரோட வளந்தவ... செய்முறையில! எனக்கு நம்ப முடியல. விருதுநகர்ல பரீட்சை முடிச்சுட்டு வந்தவ, "போச்சு அத்தே"ன்னுட்டு முகத்தைக் கழுவி இட்லிக்கு அரைக்க உக்காந்துட்டா. எப்படின்னு நானும் கேக்கல. கேக்கப் பயம்.

அதுக்கு மறுநாள்தான் இந்த ஊறுகாய் பாட்டில். ஒரே திருகுல திறந்து குடுத்தவ, அப்படியே மூடியைப் பாத்துக்கிட்டு நின்னா. "இதான் அத்தே நேத்து நடந்தது"ன்னு சொன்னா.

டார்க் ரென்ச்னு ஒரு ஸ்பேனர் இருக்காம். எவ்வளவு இறுக்கணுமோ அந்த நம்பரை அதுல வச்சுட்டு முறுக்கணும். அளவு வந்ததும் 'டக்'குன்னு ஒரு சத்தம் குடுக்கும். அதோட கையை எடுத்துரணும். எஞ்சினுக்கு அடியில ஆயில் இறக்குற போல்ட்டை இறுக்கச் சொல்லியிருக்காரு பரீட்சை வைக்க வந்தவரு. நம்பர் இருபத்தஞ்சு. செல்வி முறுக்குனா. டக்குன்னுச்சு.

அதுக்கு மேல ஒரு இழுப்பு இழுத்துட்டா.

"கழத்திட்டு மறுபடி இறுக்கும்மா"ன்னாரு அவரு. இறுக்குனா. டக்... மறுபடியும் ஒரு இழுப்பு. "எனக்கே தெரியாம தோளு இழுத்துருது அத்தே. நல்லா இறுக்குறதுல என்ன சார் தப்புன்னு வேற கேட்டுட்டேன்."

தப்புத்தானாம். ஒவ்வொருக்காக் கூடுதலா இறுக்குறப்பவும் உள்ள மரை, அந்தத் திருகு வரி, தேயுமாம். ஒரு நாள் போல்ட்டு நிக்காமச் சுத்தும், ஆயில் ஒழுகும். எத்தனை பேரு ஆயில் ஒழுகுதுன்னு எங்க பட்டறைக்கு வந்திருப்பாக? "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்"ன்னு சொல்லி அனுப்பியிருக்கோமே...

அந்த இழுப்பு எங்க இருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும்.

செல்வி பட்டறை போட்ட புதுசுல ஒருத்தரு வண்டியில சக்கரத்து நட்டு லூசாயிருச்சு. இவ இறுக்குனதா, வழியில வேற எங்கயும் கழத்தி மாட்டினதா... யாருக்குத் தெரியும்? டீக்கடையில நின்னுக்கிட்டு, "பொம்பளை கையி. நட்டு எங்கிட்டு நிக்கும்?"னாரு. கடையே சிரிச்சுச்சு. நான் பால் வாங்கப் போயிருந்தேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. எனக்கு நாலு ஆம்பளைக முன்னாடி வாய் வராது. தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து, இவகிட்டச் சொன்னேன் – "எதுன்னாலும் இன்னும் ஒரு இழுப்பு சேத்தே இழு ஆத்தா. நம்மளை ஒரு சொல்லுச் சொல்லிறக் கூடாது."

அவுககிட்டச் சொல்ல வேண்டியதை இவகிட்டச் சொல்லிட்டேன். அம்புட்டுத்தான்.

மறுநாள் மனசு கேக்காம அவகிட்டயே ஒத்துக்கிட்டேன். "இந்தப் பழக்கம் நான் சொல்லி வந்ததுதானே ஆத்தா?"

செல்வி சிரிச்சா. "விடுங்க அத்தே. நீங்க சொல்லாட்டியும் ஊரு சொல்லியிருக்கும்."

நிசந்தானே? நம்ம பொம்பளைக எதுலதான் சேத்து இழுக்காம இருக்கோம்? விளக்கின பாத்திரத்தை இன்னொருக்கா விளக்குறது... நாலு பேரு வந்தா எட்டுப் பேருக்கு ஆக்குறது... வேணுங்குறதுக்குப் பாதி, யாரும் வாயைத் திறந்துறக் கூடாதேங்குறதுக்குப் பாதி.

பத்து நாள் கழிச்சு மறு பரீட்சைக்கு வரச் சொல்லியிருந்தாக. தோத்தா அந்த இடம் போச்சு. டார்க் ரென்ச்சு எங்ககிட்ட இல்ல. அதனால ஒரு ஏற்பாடு. செல்வி நட்டு முறுக்குறப்ப நான் பின்னாடி நிப்பேன். ஸ்பேனர் நின்னதும், சேத்து இழுக்க அவ வலது தோளு லேசா முன்னுக்கு இறங்கும். உடனே "போதும்"ங்கணும். அதுதான் என் வேலை.

மொத நாளு என் சத்தம் எனக்கே கேக்கல. "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க அத்தே, கொசு கத்துற மாதிரி இருக்கு"ன்னா. வண்டி விட வந்தவுக வேற நிப்பாகள்ல?

ஒரு நாள் மேலத்தெரு பால்காரரு வண்டிக்குச் செயின் மாத்திக்கிட்டு இருந்தா. "போதும்"னேன். அவரு விட்டுருவாரா? "என்ன மதினி, மருமகளை வேலை செய்ய விடாம அதட்டுறீக? பாலு பூரா ரோட்டுல ஊத்துனா நீங்க தருவீகளா?"

எப்படி வந்துச்சோ தெரியல. "நட்டு நிக்கும். நீங்க ஊத்துற தண்ணியைக் கொஞ்சம் கொறைங்க, லோடு கொறையும்"ன்னுட்டேன். செல்வி ஸ்பேனரைக் கீழ போட்டுட்டுச் சிரிக்கிறா. பால்காரரும் சிரிச்சாரு. எனக்குத்தான் வேர்த்துப்போச்சு.

போன வியாழக்கிழமை மறு பரீட்சை. நானும் பஸ் ஏறிட்டேன். பரீட்சை நடக்குற ஷெட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில பெஞ்சு. ஷட்டர் திறந்திருந்ததால உள்ள நடக்குறது தெரியும், பேசுறதும் கேக்கும். பத்துப் பதினஞ்சு ஆம்பளைப் பயலுக, நடுவுல இவ ஒருத்தி.

பரீட்சை வைக்கிற அதே சாரு. அதே ஆயில் போல்ட்டு. செல்வி நம்பரை வச்சா, போல்ட்டை மாட்டுனா, முறுக்குனா. நான் அவ கையைப் பாக்கல. தோளைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். 'போதும்' தொண்டை வரைக்கும் வந்துருச்சு. இங்க இருந்து கத்த முடியுமா?

டக்.

தோளு அசையல.

அந்தச் சாரு லேசுப்பட்ட ஆளு இல்ல. "என்னம்மா, இன்னொரு இழுப்பு இழுக்கலையா? லூசாயிருந்தா உன்னையத்தான சொல்லுவாக?"ன்னாரு. வேணும்னேதான் கேட்டாரு. சுத்தி நின்ன பயலுக சிரிச்சாக.

செல்வி ரென்ச்சைத் துணியில துடைச்சுப் பெட்டியில வச்சா. "சொல்லட்டும் சார். அளவு வந்துருச்சு, போதும்"னா.

அவரு தாள்ல எதையோ எழுதினாரு. வெளிய வந்தவ என்கிட்ட, "பாஸு அத்தே, வாங்க பஸ்ஸு போயிரும்"ன்னா, அவ்வளவுதான். ஒண்ணாந்தேதியில இருந்து டவுனுக்கு வேலைக்குப் போறா.

மெக்கானிக் வேலை தெரிஞ்சவுக யாராவது ஒருத்தர் நான் எழுதினதைச் சரிபாத்துச் சொல்லுங்க. ஆயில் போல்ட்டுக்கு இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கேன். வண்டிக்கு வண்டி மாறும்னு வேற செல்வி சொன்னா. அவகிட்டயே கேக்கலாம், ஆனா இதையெல்லாம் எழுதுறேன்னு சொல்ல வெக்கமா இருக்கு. நான் ரெண்டு மூணு சேத்து எழுதியிருந்தாலும் எழுதியிருப்பேன்... என் கையும் அப்படிப் பழகின கைதானே?