முதல் தகட்டில் இரண்டு தட்டு

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணி பதினொரு நிமிடத்துக்கு அந்த அறையில் ஒரு கணினித் திரை மட்டும் இருந்தது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டிய அக்கா இல்லை. பக்கத்து நாற்காலியில் இருக்க வேண்டிய நானும் இல்லை. நாங்கள் இருவரும் சுவருக்கு அந்தப் பக்கம், முதலாளியின் அறையில், குளிர்சாதனத்துக்கு நேர் கீழே கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவர் சிங்கப்பூரிலேயே இல்லை. பெயரோ, முகமோ, ஆணா பெண்ணா என்பதோ எங்களுக்குத் தெரியாது. அவருடைய கை மட்டும்தான் தெரியும்.

எங்கள் அலுவலகம் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில், மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கூரைகளில் சோலார் தகடு பொருத்துவதும் பராமரிப்பதும் எங்கள் தொழில். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்தான் மின்பொறியாளர், வேலைகளுக்கான உரிமம் அவர் பெயரில் இருந்தது. முக்காட்டின் மேல் பாதுகாப்புத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு அவர் ஏணியில் ஏறும்போது, கீழே பிடித்திருக்கும் ஆட்களிடம், “பாத்து லா, நான் விழுந்தா என் மாமியாருக்கு யாரு பதில் சொல்றது?” என்பார். நான் பாலிடெக்னிக் முடித்து நேராக அங்கே சேர்ந்தவன். என் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஆங் மோ கியோவில் அடுக்குமாடி புளோக்குகளைக் கழுவுகிறவர். கழுத்தில் அலுவலக அட்டையோடு நான் கிளம்பும் காலைகளில், அது நேராகத் தொங்குகிறதா என்று அவர்தான் பார்ப்பார்.

பூன் லேயில் ஒரு தொழிற்சாலைக் கூரையில் தொண்ணூற்றாறு பழைய தகடுகள் இருந்தன. முதுகுப்பக்கம் வெடித்துவிட்டதால், ஈரம் பட்டால் உலோகச் சட்டத்தில் மின்சாரம் கசிந்தது. மழைநாளில் தொட்டால் ஆளைக் கொல்லும். அவற்றை இறக்கிவிட்டுப் புதியவற்றை ஏற்றினோம். பழையவை மறுசுழற்சிக்காரரிடம் போய் நொறுக்கப்பட வேண்டும். நொறுக்கியதை நேரில் கண்டதாகப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும். ஆனால் யாரும் போய் நின்று பார்ப்பதில்லை. லாரிக் கதவு மூடும்போதே கையெழுத்துப் போட்டுவிடுவது எங்கள் வட்டத்தில் எல்லாருக்கும் வழக்கம். அன்று, ‘நேரில் கண்டேன்’ என்ற படிவத்தைத் தட்டச்சு செய்தவன் நான். லாரியின் சூடான பக்கத்தகட்டில் தாளை வைத்துக் கையெழுத்திட்டவர் அக்கா. அடுத்த கூரைக்கு நேரமாகிவிட்டது என்று இருவருக்கும் அவசரம்.

எங்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. அகற்றிய இடங்களைக் கண்காணிப்புத் திரையிலிருந்து உடனே நீக்காமல், ஆண்டு முடிவில் மொத்தமாக நீக்குவோம். அதனால் பூன் லேயின் தொண்ணூற்றாறு கட்டங்களும் திரையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில், கல்லறை வரிசைபோலக் கிடந்தன. இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, நான் தேநீர் வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது அவை எல்லாம் பச்சையாக இருந்தன.

“அக்கா, செத்துப்போனது எந்திரிச்சிருச்சு” என்றேன், விளையாட்டாக. அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பினார். சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது.

தகடுகளோடு சேர்ந்து போன, மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பெட்டிக்குள் எங்கள் நிறுவனத்தின் சிம் அட்டை இருந்தது. எந்த நாட்டில் உயிர் வந்தாலும் அது அங்குள்ள அலைவரிசையைத் தேடிப் பிடித்து எங்களுக்குத் தகவல் சொல்லும். நொறுங்கிப்போனதாக நாங்கள் எழுதிக்கொடுத்தவை எங்கோ வெயில் காய்ந்துகொண்டிருந்தன. நம் சூரியன் ஏறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து அவை விழித்தன. அதே அளவு தாமதமாக உறங்கின. அந்தக் கணக்கில் வங்கக் கடலின் வடகரையை ஒட்டிய ஏதோ ஓர் ஊர் என்று அக்கா சொன்னார். மறுசுழற்சிக்காரரைத் தேடிப் போனேன். கொட்டகையில் வேறு பெயர்ப்பலகை தொங்கியது. சிம் நிறுவனம் நாட்டின் பெயரை மட்டும் சொன்னது, அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

ஆசியா பசுமைக்கு மாறுகிறது என்று நானே பள்ளிகளுக்குப் போய்ப் பேசியிருக்கிறேன். கரி குறைகிறது, கூரைகள் மின்னுகின்றன, படங்கள் அழகாக இருக்கும். மின்னி முடித்த கூரைகள் எங்கே போகும் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. வடக்கே ஏதோ ஒரு தொழிற்சாலையில் பிறந்து, பத்து ஆண்டுகள் பூன் லேயில் உழைத்து, எங்கள் கையெழுத்தால் செத்து, கடலைச் சுற்றிக்கொண்டு போய், மின்சாரத்துக்குத் தவித்த யாரோ ஒருவரின் கூரையில் அவை மறுபடி பிறந்திருந்தன. இந்தக் கண்டத்தில் சுத்தமான வெளிச்சம் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு இப்படியும் போய்ச் சேர்கிறது. வெடித்த முதுகோடு.

ஒரு வாரத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. தினமும் காலை, நம் நேரத்துக்கு ஒன்பது மணி தாண்டி, தகடுகள் ஒவ்வொன்றாக மங்கித் தெளிந்தன. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. ஆறு முடிந்ததும் ஒரு சிறு இடைவெளி. பிறகு ஏழாவது. மேகம் இப்படி வரிசை பார்த்து நடக்காது. திரையில் ஓடிய வரைகோட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் காட்டினேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“டேய், யாரோ கழுவுறாங்கடா.”

“எப்படிப்பா சொல்றீங்க?”

“ஆறு முடிஞ்சா நிக்குதில்ல? வாளித் தண்ணிய மாத்துற நேரம் அது. ஒத்த ஆளு. அவசரமில்லாத ஆளு.” பிறகு என் கழுத்து அட்டையை விரலால் சுண்டினார். “இதெல்லாம் அங்க சொல்லித் தரலையாக்கும்?”

மறுநாள் நான் அதைச் சொன்னதும் அக்கா எழுந்து ஜன்னலருகே போனார். தேக்காவின் இரைச்சல் கீழே ஓடிக்கொண்டிருந்தது. கசிவு எச்சரிக்கைச் சிவப்பு திரையின் மூலையில் ஒளிர்ந்தது. கசிவு கண்டால் தானே நின்றுவிட வேண்டிய பாதுகாப்பை அங்கே யாரோ பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். வெடித்த தகடு, வாளித் தண்ணீர், வெறுங்கை. இத்தனை நாளும் அந்த ஆள் பிழைத்துக் கிடந்ததே அதிசயம்.

இங்கிருந்து அவற்றை அணைக்க முடியும். அணைத்தால் ஒவ்வொரு தகட்டின் பின்னாலும் உள்ள சிறு பெட்டி மின்னழுத்தத்தைத் தொடக்கூடிய அளவுக்கு இறக்கிவிடும். ஒருநாள் முழுக்க அணைத்து வைத்தோம். அங்கே யாரோ பதினொரு முறை கையால் இயக்கப் பார்த்தார்கள். அந்த மின்சாரத்தை நம்பி அங்கே என்ன இருந்தது என்று தெரியவில்லை. ஐஸ் பெட்டியோ, மருந்தோ. “இப்படியே வெச்சிருந்தா நம்ம பெட்டியக் கழட்டி வீசிட்டு நேரா கம்பிய மாட்டுவாங்க. அப்ப இந்தப் பாதுகாப்பும் போயிரும்” என்றார் அக்கா. அதனால் கழுவும் நேரத்துக்கு மட்டும் அணைப்பது என்று முடிவு செய்தார். முதல் தகடு மங்கியதும் அணைப்பார். ஒன்றரை மணி நேரம் கழித்து உயிர் கொடுப்பார். தகடுகள் கழுவிய முகத்தோடு கூடுதல் வெளிச்சமாக எழும். அப்போதுதான் அவர் தேநீரைக் குடிப்பார். அதற்குள் அது ஆறியிருக்கும்.

பத்தாம் நாளோ என்னவோ, அது நடந்தது. ஒன்பது பதினொன்றுக்கு முதல் தகடு மங்கியது, தெளிந்தது. மறுபடி மங்கியது, தெளிந்தது. அதன்பின் ஒன்றும் அசையவில்லை. இரண்டு முறை உள்ளங்கையால் மூடி எடுத்ததுபோல. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதுபோல.

அக்கா அணைத்தார். அங்கே இன்வெர்ட்டர் பெட்டியின் முகத்தில் ஒரே ஒரு பச்சை விளக்கு உண்டு. அது அணைவதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஆள் வாளியைத் தூக்கியிருக்க வேண்டும். “நாம இருக்கோம்னு தெரிஞ்சிருச்சு தம்பி” என்று அக்கா மெல்லிய குரலில் சொன்னார். அன்றிலிருந்து தினமும் இரண்டு தட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அக்கா வீட்டிலிருந்து பதில் சொன்னார். அவர் மகள், “அம்மா யாருக்கு சலாம் சொல்றீங்க?” என்று கேட்டாளாம்.

இது நிலைக்காது என்று எங்களுக்குத் தெரியும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து எச்சரிக்க வேண்டுமானால் அதிகாரிகளிடம் போக வேண்டும். போனால் பொய்க் கையெழுத்து வெளியே வரும். “உரிமம் போயிரும்க்கா” என்றேன். “போனா கிராஞ்சியில செடி வளப்பேன். அங்க அந்த ஆளு செத்தா யாரு தம்பி கையெழுத்துப் போடுறது?” என்றார். முதலில் முதலாளிக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தோம். அவர் வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு இருவரையும் வரச்சொன்னார். பதினொரு மணிக்கு வரட்டுமா என்று அக்கா கேட்டுப் பார்த்தார். முதலாளிக்கு விமானம் இருந்தது. உள்ளே போகுமுன் நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். “விளக்கு அணையாம அவரு தொட மாட்டாரு லா. ஒருநாள் அழுக்காக் கெடக்கட்டும்” என்றார் அக்கா. எனக்கும் அது சரியாகவே பட்டது.

முதலாளி கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் கேட்டார். “புகார் குடுங்க, நான் தடுக்கல. ஆனா நம்ம பேருல ஒரு கம்பிகூட அங்க இருக்கக்கூடாது” என்று சொல்லித் தொலைபேசியை எடுத்தார். சிம் நிறுவனத்தில் யாரோ உடனே எடுத்துவிட்டார்கள். “யெஸ், அந்த நம்பர். நவ்.” அவ்வளவுதான். அக்கா நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து ஓடினார். நான் பின்னால் ஓடினேன். தொண்ணூற்றாறு கட்டங்களும் சாம்பலாகக் கிடந்தன.

“சிம் செத்தா அந்த விளக்கு என்ன ஆகும்?” என்று அவர் கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரியும் என்று அவர் முகம் சொன்னது. நான் கையேட்டைப் புரட்டிப் படித்துக் காட்டினேன். தொடர்பு அறுந்தால் பச்சை விளக்கு அணையும். நாங்கள் அணைத்தாலும் அணையும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் தொடர்பு மட்டும் அறுந்தால் தகடுகளில் மின்சாரம் முழுதாக இருக்கும்.

விளக்கு விஷயத்தைச் சொன்னதும் முதலாளியே மறுபடி தொலைபேசியை எடுத்தார், ஆனால் இணைப்பை மீட்க ஆறு நாள் ஆனது. அலைவரிசை இல்லாவிட்டாலும், பெட்டியையே நிறுத்தினாலும், உள்ளிருக்கும் சிறு மின்கலத்தின் தயவில் அது எல்லாவற்றையும் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். தொடர்பு மீண்டதும் ஒரே மூச்சில் அனுப்பிவிடும். அனுப்பியது. அக்கா விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். ஒன்பது பதினொன்று: முதல் தகட்டில் இரண்டு தட்டு. ஒன்பது பதினான்கு: தொடர்பு துண்டிப்பு. ஒன்பது பதினைந்து: முதல் தகடு மங்கித் தெளிகிறது. இரண்டாவது. மூன்றாவது. ஆறு முடிந்து இடைவெளி. அவசரமில்லாத ஆள். முப்பத்தாறு முடிந்து இடைவெளி. முப்பத்தேழாவது மங்கியது. முப்பத்தெட்டாவதும் கூடவே மங்கியது. இரண்டும் தெளியவில்லை. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு எல்லாமே ஒரே அடியாக அணைந்தன. யாரோ ஓடிவந்து பெட்டியை நிறுத்தியிருக்கிறார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுநாள் தானே அதிகாரிகளிடம் போய் எழுத்தில் கொடுத்து, உரிமத்தை ஒப்படைத்தார். விசாரணை நடந்தது, அவரிடமும் என்னிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். அந்த நாட்டுக்குக் கடிதம் போனது. இன்றுவரை பதில் இல்லை. அவர் சொன்னபடியே இப்போது கிராஞ்சியில் ஒரு செடிப் பண்ணையில் வேலை செய்கிறார். நான் போகும்போதெல்லாம் கத்தரி நாற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார். திரையைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்பார்: “இன்னிக்கு வந்துச்சா?”

வந்தது. பதினொரு நாள் இருட்டுக்குப் பிறகு ஒரு காலை அந்தக் கட்டங்கள் பச்சையாயின. அதற்கு மறுநாள், ஒன்பது பதினொன்றுக்கு, இரண்டு தட்டு வந்தது. முதல் தகட்டில் அல்ல. தொண்ணூற்றாறாவது தகட்டில், மறுகோடியிலிருந்து. தட்டுக்கும் தட்டுக்கும் இடையில் நேரம் குறைவு. அப்பாவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இது வேற கை” என்றார். “ஆனா யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க.” முந்தைய ஆள் உயிரோடிருந்து சொல்லிக்கொடுத்தாரா, அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் செய்கிறார்களா என்பதை அப்பாவாலும் அந்தக் கோட்டில் படிக்க முடியவில்லை.

இன்றும் ஒன்பது மணிக்கு முன் நான் அந்த அறையில் இருந்துவிடுவேன். அக்காவின் நாற்காலியில் உட்காருவதில்லை. என் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். தட்டு வந்ததும் அணைத்துவிட்டு, அந்த ஒன்றரை மணி நேரமும் என்னை வெளியே கூப்பிட யாரையும் விடுவதில்லை. திரையின் ஓரத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன், மறந்துவிடக் கூடாதென்று. அந்த மாதம் சிம் நிறுவனம் அனுப்பிய கட்டணச் சீட்டு அது. வியாழக்கிழமைத் தேதி. காலை ஒன்பது பதினான்கு. சேவை: இணைப்புத் துண்டிப்பு. கட்டணம்: 0.00 சிங்கப்பூர் வெள்ளி.