தனித்தனியாய்ப் பார்த்தால் தெரியாத ஜோடி

கல்லூரி லேசர் லேபில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "எங்க வேணா துடைங்க, கண்ணாடி திருகி வெச்ச அந்தப் பெரிய மேசைப் பக்கம் மட்டும் போயிராதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். கூச்சம் வேறு. மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அங்கே ஆராய்ச்சி செய்த நந்தினி ஒரு நாள் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் தாளாளர் வருகிறாராம். என்ன ஆராய்ச்சி என்று அவருக்கு விளங்கினால்தான் இன்னொரு வருடம் நடக்கும். இல்லாவிட்டால் லேபைப் பூட்டிவிடுவார்கள்.

"அம்மா, உங்ககிட்டச் சொல்லிப் பாக்கட்டுங்களா? ஒளித்துகள் ஜோடியா வருதுங்க. ஜோடியில நாலு வகை. ஒரு துகள் இந்த ரூம்ல, அதோட ஜோடி அடுத்த ரூம்ல. ரெண்டு பேரு தனித்தனியாப் பாத்துப் போன்ல பேசிக்கிட்டாலும் எந்த வகைன்னு முழுசாச் சொல்ல முடியாதுங்க. ஒண்ணாச் சேத்துப் பாக்கோணும்."

"மேட்சிங் ஜாக்கெட் எடுக்கற மாதிரி இருக்குது கண்ணு. கடையிலிருந்து மக போன்ல பச்சைங்கறா. ஊட்டுல சேலையும் பச்சைதான். துணியைச் சேலை மேல வெச்சாத்தானே தெரியுது?"

சிரித்தாள். "பாதி சரிங்க. ஆனா துணியை நூறு தடவை பாக்கலாம். இதை ஒருக்காத்தான் பாக்க முடியும். பாத்ததும் பழைய மாதிரி இருக்காதுங்க."

"சேத்து வெச்சா மட்டும் எப்படிச் சொல்லுது?"

"அப்ப நீ என்ன நிறம்னு ஒவ்வொண்ணையும் கேக்கறதில்லீங்க. ரெண்டும் ஒத்துப்போறீங்களான்னு மட்டும் கேக்கறோம்."

இப்படியும் கேட்கலாமா என்று துடைத்தபடியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சேலைக் கதையைச் சொல்லித்தான் நந்தினி தொடங்கினாள். தாளாளர் விடவில்லை. "ரெண்டு பக்கமும் கெட்டிக்கார ஆளாப் போட்டு, நாளெல்லாம் போன் பேசச் சொன்னா ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க சார். ஆளுக மேல தப்பில்லீங்க. விசயம் அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. ஜோடியிலதான் இருக்குதுங்க."

டீத் தட்டோடு நின்ற என்னைப் பார்த்து அவர், "ஏனுங்கம்மா, உங்களுக்காச்சும் புரிஞ்சுதுங்களா?" என்றார்.

தட்டை அவர் முன் நீட்டினேன். "பாதி புரிஞ்சுதுங்க. மீதி புரியோணும்னா அம்மணிக்கு இன்னொரு வருசம் வேணுமுங்க."

"எனக்கு அந்தப் பாதியே வரலீங்க" என்று சிரித்து டீயை எடுத்துக்கொண்டார். "செரி, நடக்கட்டும்."

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாதி புரிந்தால் பாதி என்றே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு அந்த லேபில் நான் கேட்காமல் விட்ட நாளில்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த மீதியில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.