சாமிக்கு ஆகாத புல்

கோதண்டம் மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் உட்கார்ந்து கீழே நிற்பவர்களிடம் கத்திப் பழகிய குரல், தரைக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. எர்ணாவூரில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. அவருடைய சமையலறைச் சுவருக்கும் பின்னால் உள்ள குளத்துக்கும் நடுவே ஒரு கரை மட்டும்தான். தூர்வாரியபோது சாம்பல் கலந்த மண்ணைக் கொட்டி உயர்த்திய கரை. ஒவ்வொரு ஐப்பசி மழையிலும் கொஞ்சம் கரைந்து குளத்துக்குள் இறங்கும். அதோடு சுவரும் ஒரு விரிசல் விடும்.

கல் கட்டித் தரச் சொல்லி மாநகராட்சியிடம் கேட்டு அலுத்துப்போய், புல் போடலாம் என்று முடிவு செய்தார். ஒருமுறை பிடித்தால் என்றைக்கும் நிற்கிற புல். அது எந்தப் புல் என்பதில்தான் தொல்லை தொடங்கியது.

முதலில் கொரியன் புல். பூங்கா வேலையில் மிஞ்சியதைப் பாய் மாதிரி சுருட்டி வாங்கி வந்து விரித்தார். இந்த மண்ணின் உப்பில் அது சித்திரைக்குள் கருகிவிட்டது. அடுத்து வெட்டிவேர். அது ஆள் உயரத்துக்கு நன்றாகவே வளர்ந்தது. வளர்ந்ததுதான் தப்பு. புதரில் பாம்பு இருக்கிறது என்று யாரோ சொல்ல, அவர் திருவொற்றியூர் போயிருந்த நேரத்தில் தெருவே சேர்ந்து தோண்டி எறிந்துவிட்டது.

"பாம்ப எவன்னா பாத்தானா? பாத்தவன் வாடா முன்னால!" என்று தெருமுனையில் நின்று கத்தினார்.

மூன்றாவதாக அருகம்புல். உயரமாக வளராது, உப்பையும் தாங்கும், ஓடுகிற இடமெல்லாம் வேர்விடும். ஆடியில் கரை முழுக்கப் பச்சையாகிவிட்டது. மாமா அன்றாடம் காலையில் டீ டம்ளரோடு போய் அதைப் பார்த்துவிட்டு வருவார். ஆவணியில் ஒரு காலை போனபோது, கரை மொட்டையாக இருந்தது.

நேராக ரசூல் பீவி வீட்டுக்குப் போனார். தெருவில் ஆடு வளர்ப்பவர் அவர் ஒருவர்தான்.

"பாயம்மா! உன் ஆட்டக் கட்டிப் போட மாட்டியா? என் வூட்டுச் செவுரே வுழப் போவுது!"

"ஏன் அண்ணாத்தே காலங்காத்தால பேஜாரு பண்றே? என் ஆடு வேரோட புடுங்கி, கட்டுப் போட்டு, பையில எடுத்துகினு போவுமா? இன்னிக்கு இன்னா நாளுன்னு உன் வூட்ல போய்க் கேளு."

அன்று பிள்ளையார் சதுர்த்தி. வீட்டுக்குத் திரும்பினால், வாசலில் மண் பிள்ளையார். அவர் கழுத்தில் அருகம்புல் மாலை.

"நீலா! நீயுமா?" என்று மாமியிடம் கத்தினார்.

"தெருவே வந்து கேட்டுச்சு. புள்ளையாருக்குன்னு கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா? நானும் ரெண்டு கை எடுத்தேன். அதுக்கு இன்னாவாம் இப்ப?"

பிள்ளையாரிடம் மட்டும் மாமாவால் கத்த முடியவில்லை. அந்த ஐப்பசி மழையில் சுவரின் விரிசலுக்குள் விரல் போகிற அளவுக்கு இடைவெளி வந்தது. இன்னொரு மழைக்கு அது தாங்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டார்.

வெயில் வந்ததும் புல் மறுபடி தலைகாட்டியது. ஒவ்வொரு சங்கடஹர சதுர்த்திக்கும் யாராவது பையோடு வந்தார்கள். கம்பி வேலி போட்டார், தாண்டி வந்தார்கள். வெறுத்துப்போய்க் குளத்தைச் சுற்றி நடந்தவர், எதிர்க்கரையில் நின்றுவிட்டார். அங்கேயும் அருகம்புல்தான். கணுக்கால் மறையும் உயரத்துக்கு, ஒருவர் கையும் படாமல் கிடந்தது.

எதிர்க்கரைப் படித்துறையில்தான் எங்கள் பகுதிக்காரர்கள் காரியம் செய்வார்கள். முன்பெல்லாம் கடற்கரையில் நடந்ததாம். அலை அரிக்கிறது என்று அங்கே கருங்கல் கொட்டியபின் உட்கார இடமில்லாமல் குளத்துக்கு வந்துவிட்டது. காரியம் நடந்த இடத்துப் புல்லைச் சாமிக்கு யார் எடுப்பார்கள்?

அந்த வாரம் எங்கள் தெரு டில்லிபாபுவின் அப்பா காலமானார். துக்கம் கேட்கப் போன மாமா, "காரியத்த நம்ம வூட்டுப் பக்கமே வச்சுக்க நைனா. நெழலு கீது" என்று சொல்லிவிட்டு வந்தார். டில்லிபாபு கண் கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டான்.

காரியத்தன்று நீலா மாமி ஜன்னலைத் திறந்தார். எதிரில் மொட்டைத் தலைகள், பிண்டம், காக்காய்க் கூட்டம்.

"இன்னா மனுசன்யா நீ! சோறு ஆக்கற ஜன்னலுக்கு எதுருல எழவ இட்டாந்து வச்சிருக்கே!"

"செவுரு வோணுமா வாணாமா, அத்தச் சொல்லு!"

மாமி ஜன்னலைச் சாத்தினார்.

அடுத்த ஆவணியில் பையோடு வந்த பெண்கள் கரையில் காரியத்துக்கு உடைத்த பானையைப் பார்த்ததும் நின்றார்கள். "அய்யே, காரியம் பண்ண எடம்டி. புள்ளையாருக்கு ஆவாது" என்று திரும்பிவிட்டார்கள். கார்த்திகை வரை கொட்டிய மழையில் கரை ஒரு கூடை மண்கூட இழக்கவில்லை. விரிசலைப் பூசி, சுவருக்கு வெள்ளையும் அடித்தார் மாமா.

கரைக்கு நிழல் இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. இப்போது எண்ணூரிலிருந்தும் காரியம் செய்ய ஆட்டோவில் வருகிறார்கள்.

போன வாரம் நான் போனபோது நீலா மாமி முன்னறையில், டிவிக்குக் கீழே அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். புகையில் மாமா இருமினார்.

"அவ்ளோ பாடுபட்டு அந்தச் செவுர நிக்க வச்சேன். அங்க போய் ஆக்கேன்டி!"

"நீயே போய் ஆக்கு. காக்காவோட குந்திகினு துன்னு" என்றார் மாமி, குழம்பைக் கிளறியபடி.